மேற்படி குடை என்னுடையது

ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை, யாரோ ஒருவருடைய வீட்டுமனைக்கு விற்பனைப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தபோது, என் சம்பந்தி தன் மீசைக்கு உரிமை கோரியிருப்பதாக என் போனுக்கு ஒரு மெயில் வந்தது.

நான் பத்திரம் எழுதுகிறவன். திருச்சியில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டு, முப்பது வருடமாக இதே வேலை. கிணற்றில் பாதிக்கு உரிமை கோரியவர்களைப் பார்த்திருக்கிறேன். தென்னை மரம் எங்களுடையது, அது பக்கத்து வீட்டுக்குள் சாய்ந்து காய்த்தாலும் காய் எங்களுடையதுதான் என்று சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மீசைக்கு உரிமை கோரியவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மெயில் வீடியோ தளத்திலிருந்து வந்திருந்தது. என் மகளின் கல்யாணத்தில் எடுத்து என் சேனலில் நான் போட்டிருந்த ஒரு வீடியோவின் மேல் காப்புரிமைப் புகார் வந்திருக்கிறதாம். அதனால் அதை நீக்கிவிட்டார்களாம். சேனலுக்கு ஒரு ஸ்டிரைக். இப்படி மூன்று வந்தால் சேனலையே மூடிவிடுவார்களாம். புகார் கொடுத்தவர் பெயர் இருந்த இடத்தில் என் மகளின் மாமனார் பெயர் இனிஷியலோடு சுத்தமாக இருந்தது. 'உங்களுடைய படைப்பு எது, விவரிக்கவும்' என்ற கட்டத்தில் அவர் எழுதியிருந்தது இது: 'பாட்டில் வரும் மீசை, குறட்டை, குடை ஆகிய மூன்றும் எனக்குச் சொந்தமானவை. நீண்ட காலமாக என் அனுபவத்தில் இருந்து வருபவை. என் சம்மதம் இல்லாமல் எவரும் அவற்றைப் பயன்படுத்த உரிமை இல்லை.'

படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, பொறாமை. ஓட்டையே இல்லாமல் எழுதியிருந்தார் மனுஷன். கோபம் இரண்டு நிமிடம் கழித்துதான் வந்தது. வந்த பிறகு லேசில் போகவில்லை.

கல்யாணம் தை மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எங்கள் இரண்டு குடும்பத்திலுமே ஏசல் பாட்டு உண்டு. மாலையில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நலங்குக்கு உட்கார வைத்ததும், பெண் வீட்டுப் பெண்கள் சம்பந்தியைக் கிண்டல் செய்து பாடுவார்கள். ஏசப்படுகிறவர் கோபிக்கக் கூடாது, சிரித்துக்கொண்டே வெற்றிலைத் தட்டை நீட்ட வேண்டும். அடுத்து மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அப்பாவை ஏசுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே தட்டை நீட்ட வேண்டும். இரண்டு பக்கமும் பாடி முடித்தால்தான் சரிக்குச் சரி.

எங்கள் பக்கம் பாடியது என் தங்கை. தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை அவளுக்கு. நாள் முழுக்க நோயாளிகளை அதட்டி அதட்டிக் குரல் நன்றாகத் திறந்துகொண்டது. வரிகளை அவளே கட்டினாள். விவரங்களைச் சேகரித்துக் கொடுத்தது நான். இதை இதுவரை எங்கேயும் நான் எழுத்தில் ஒப்புக்கொண்டதில்லை. பாட்டு இப்படி:

மீசைக்கு மை போட்டு மிடுக்காக வந்தாராம்
வேர்வை வழிஞ்சதும் சட்டையெல்லாம் கோடாம்
பந்தியில குந்தினாராம் பாயசத்தை முடிச்சாராம்
கைகழுவும் முன்னாலே குறட்டை விட்டாராம்
தை மாசம் மழை ஏது, கக்கத்தில் குடையாம்
மண்டபத்துக் கூரைமேல நம்பிக்கை இல்லையாம்

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார். தட்டையும் நீட்டினார். பதில் பாட வேண்டிய முறை வந்தபோது அவர்கள் பக்கத்துப் பெண்கள், 'நீ பாடு, நீ பாடு' என்று ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் நான் ஏற்பாடு செய்திருந்த மெல்லிசைக் குழுக்காரன் டிரம்ஸை அடித்துவிட்டான். அதோடு ஏசல் முடிந்துபோனது. இரவு விடைபெறும்போது நான் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. பாட்டு உங்களைப் பத்தி இல்லைங்க. பொதுவா ஒரு சம்பந்தியைப் பத்தி" என்று சொன்னேன். இது பின்னால் எனக்கு எதிரான சாட்சியமாக ஆனது.

எனக்கு இருந்தது ஒரே ஒரு சேனல். பட்டாவில் பெயர் மாற்றுவது எப்படி, வில்லங்கச் சான்று வாங்குவது எப்படி என்று அதில் சொல்லிக்கொடுப்பேன். பார்க்கிறவர்கள் பெரும்பாலும் பாகப்பிரிவினையில் மண்டையை உடைத்துக்கொள்கிற அண்ணன் தம்பிகள். உறவுக்காரர்கள் கேட்டார்கள் என்று ஏசல் பாட்டையும் அதிலேயே போட்டேன், தான செட்டில்மென்டுக்கும் உயிலுக்கும் நடுவில். அண்ணன் தம்பிகள் சண்டையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்கள். அவர்கள் மனைவிமாருக்கு அனுப்பினார்கள். சித்திரை பிறப்பதற்குள் பாட்டு எங்கெங்கோ போய்விட்டது. நான் ஒரு பத்திரத்துக்கும் அடுத்த பத்திரத்துக்கும் நடுவில் போனை எடுத்து, இப்போது எத்தனை பேர், இப்போது எத்தனை பேர் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் தொழிலில் கிடைத்ததில்லை.

சம்பந்திக்கு ஸ்ரீரங்கத்தில் பாத்திரக் கடை. குக்கருக்கு ரப்பர் வாங்க வருகிறவர்கள் போகிற போக்கில், "குடை இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்களாம். கோயிலுக்கு வந்த ஏதோ ஒரு வெளியூர்க் குடும்பம் கடை வாசலில் நின்று, அவரைக் குடையைக் கக்கத்தில் வைக்கச் சொல்லி செல்ஃபி எடுத்துக்கொண்டதாம். மீசைக்கு மை போடுவதை அவர் நிறுத்தினார். மீசை பாதி வெள்ளையானதும், 'பாட்டுக்குப் பயந்து நிறுத்திட்டார்' என்று அதற்கும் சிரித்தார்களாம். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் வீடியோவை நீக்கியிருப்பேனா என்றால், நீக்கியிருக்க மாட்டேன்.

புகாருக்குப் பதில் எழுதலாம் என்று மெயிலில் இருந்தது. தங்கைக்குப் போன் செய்தேன். டோக்கன் கொடுத்துக்கொண்டே அவள் தளத்தின் விதிகளைப் படித்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நியாயமான பயன்பாடுன்னு ஒண்ணு போட்டிருக்கான். கிண்டல், விமர்சனம்னா விட்டுடுவாங்களாம். கிண்டல்தான்னு நல்லா அழுத்தி எழுதிடு."

அழுத்தி எழுதுவது என் தொழில். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். 'மேற்படி பாடலில் கூறப்படும் மீசை, குறட்டை, குடை ஆகியவை மேற்படி சம்பந்தியை மட்டுமே குறிக்கும். வேறு எவரையும் குறிக்காது. பாடலின் நோக்கம் மேற்படியாரைக் கிண்டல் செய்வதே அன்றி வேறில்லை. மேற்படி கிண்டல் முழுக்க உண்மை என்பதற்கு மண்டபத்தில் இருந்த அனைவரும் சாட்சி.' பழக்க தோஷத்தில் வீடியோவுக்கு நான்கெல்லையும் எழுதினேன்: 'மணமேடைக்குக் கிழக்கு, சாப்பாட்டுக் கூடத்துக்கு மேற்கு, தண்ணீர் டிரம்முக்கு வடக்கு, செருப்பு விடும் இடத்துக்குத் தெற்கு. இதற்கு மத்தியில் மேற்படி சம்பந்தி.' இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அடித்தல் திருத்தல் இல்லை. அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. நன்றி சொல்லியிருந்தார்கள். நான் எழுதியதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் புகார் கொடுத்தவருக்கே அனுப்பிவிட்டதாகவும் சொல்லியிருந்தார்கள். அப்படித்தான் அனுப்புவோம் என்று படிவத்தின் அடியில் முன்னாலேயே போட்டிருந்தது. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று முப்பது வருடமாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறவன் நான்.

மூன்றாம் நாள் மகள் போன் செய்தாள்.

"அப்பா, நீங்க எழுதினது இங்க வந்துடுச்சு."

"எங்கம்மா?"

"கடையில. மாமா பிரிண்ட் எடுத்து லேமினேஷன் போட்டுட்டாங்க."

"லேமினேஷன் எதுக்கு?"

"வர்றவங்க எல்லாம் வாங்கி வாங்கிப் படிக்கறாங்க. கசங்கிப் போவுதாம்."

நான் தொண்டையைச் செருமினேன்.

"பொதுவா ஒரு சம்பந்தின்னு அன்னிக்குக் கையைப் பிடிச்சுச் சொன்னாரே உங்கப்பா, இப்ப வேற எவரையும் குறிக்காதுன்னு எழுதியே குடுத்திருக்காரேன்னு மாமா கேக்கறாங்கப்பா. நான் என்ன சொல்றது?"

"அது சட்டத்துக்காக எழுதினதும்மா."

"என்ன சட்டம்? பாட்டு அத்தை கட்டினது. வீடியோ நீங்க எடுத்தது. ரெண்டுமே எங்களுதுன்னு ஒரு வரி எழுதியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். இதுக்குப் போய் செருப்பு விடற இடத்துக்குத் தெற்குன்னு எழுதியிருக்கீங்க."

அவள் சொன்னது சரி. அந்த ஒரு வரி எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கார்த்திகையில் வளைகாப்பு. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அவளைக் காட்டூரில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு நாங்கள் அழைத்து வர வேண்டும். இந்த விவகாரம் முடியாமல் பெண்ணை அனுப்புவதாக இல்லை என்று மாமனார் சொல்லிவிட்டாராம்.

"எனக்கு வீட்டுக்கு வரணும்ப்பா. அம்மாகிட்ட இருக்கணும்னு இருக்கு. பயமா இருக்கு" என்றாள்.

அப்போதே பதிலை வாபஸ் வாங்கியிருக்கலாம். ஒரு பட்டனை அழுத்தினால் போதும். நான் அழுத்தவில்லை. எழுதிக் கொடுத்ததை ரத்து செய்தால் எதிராளி சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அந்த வீடியோ திரும்ப வர வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

என் மனைவி, "உங்களுக்கு வீடியோ வேணுமா, பொண்ணு வேணுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. காபியை மட்டும் கொண்டுவந்து நான் எழுதிக்கொண்டிருக்கிற காகிதத்தின் மேலேயே வைத்தாள். அந்த மாதம் எழுதிய வரைவுகள் எல்லாவற்றிலும் டம்ளர் வட்டம் இருந்தது.

முறைப்படி சம்பந்தி வீட்டுக்குத் தாம்பூலத்தோடு நேரில் போய் வளைகாப்புக்குக் கேட்க வேண்டும். மனைவியும் தங்கையும் போனார்கள். நான் போகவில்லை. வழக்கு நடக்கும்போது வாதியும் பிரதிவாதியும் சந்திப்பது முறையல்ல என்றேன். தங்கை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது இருவர் முகத்திலும் சிரிப்பை அடக்குகிற மாதிரி ஒரு களை.

"அவருக்குப் பாட்டு மேல கோபமே இல்லைண்ணே" என்றாள் தங்கை. "பதில் பாடறதுக்குள்ள டிரம்ஸை அடிச்சு முடிச்சுட்டீங்க, அது பத்தாதுன்னு உங்க பக்கத்தை மட்டும் ஊருக்குப் போட்டுக் காமிச்சுட்டீங்க, இதுதான் அவர் வயித்தெரிச்சல். வளைகாப்பு அன்னிக்கு அவர் கையில மைக்கைக் குடுக்கணுமாம். அவர் பாடறதையும் உன் சேனல்லயே வெட்டாமப் போடணுமாம். போட்டா புகாரை வாபஸ் வாங்கிக்கறாராம், பொண்ணையும் கூட்டிட்டுப் போகலாமாம்."

"அவரே பாடறாரா? அது பொம்பளைங்க பாடறது ஆச்சே."

"அவங்க வீட்டுல பாட வர்றது அவர் ஒருத்தருக்குத்தானாம். அதுவும் வரும்னு அவராச் சொல்லிக்கறாரு."

இரண்டு பிரதிகளில் உடன்படிக்கை எழுதி அனுப்பினேன். கையெழுத்தாகி வந்தது. அடியில் அவர் கையாலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'பாட்டு முடிந்ததும் வெற்றிலைத் தட்டை மேற்படியாரே நீட்ட வேண்டியது.' 'மேற்படியார்' என்பது நான்.

வளைகாப்பு அன்று வேன் பிடித்துச் சொந்தக்காரர்களோடு சீர்த் தட்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். டிரைவருக்கு வழி சொல்ல நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்ததும், "இடது பக்கமா, நேராவா சார்?" என்றார். "நேராப் போங்க" என்றேன். பின்னாலிருந்து தங்கை, "இடது!" என்று கத்தினாள். அடுத்த திருப்பத்திலும் இதே கதை. ஒரு தடவை ராஜகோபுரத்தின் முன்னால் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தோம். மறுவீட்டுக்கு நான் போக முடியவில்லை. நல்ல நாள் என்றால் ஊரே பத்திரம் பதிய வரும், எனக்கு அன்றைக்குத்தான் வேலை அதிகம். அதற்குப் பிறகு போகலாம் என்று பார்த்த நல்ல நாள் எல்லாமே அப்படித்தான் அமைந்தது. ஆடிக்கு மகளை அழைத்து வந்ததும் மனைவிதான். வேலை இல்லாத நாட்களில் புகாருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

கூடத்தில் மகள் மனையில் உட்கார்ந்திருந்தாள். முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் போனாள். பக்கத்தில் இருந்தவர்கள் உட்கார வைத்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராகக் கன்னத்தில் சந்தனம் தடவிக் கை நிறைய வளையல் அடுக்கினார்கள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. எதிரே சம்பந்தி. பாதி வெள்ளை மீசை. நாற்காலிக் கையில் குடை தொங்கிக்கொண்டிருந்தது.

வளையல் முடிந்ததும் அவர் எழுந்தார். மைக்கை வாங்கி இரண்டு தட்டுத் தட்டினார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்தார். தங்கை போனில் வீடியோவை ஆரம்பித்தாள். எங்கள் மெட்டையேதான் எடுத்திருந்தார். அவர் எடுத்த சுருதியை மெட்டு என்று சொல்வது மெட்டை அவமதிப்பது.

பத்திரம் எழுதுறாராம் பட்டணத்துச் சம்பந்தி
பத்திரிகை அடிச்சாலும் மேற்படி மாப்பிள்ளையாம்
மூக்குமேல ஒரு கண்ணாடி நெத்திமேல ஒரு கண்ணாடி
ரெண்டையும் போட்டுக்கிட்டு மூணாவதைத் தேடுவாராம்

வீடே அதிர்ந்தது. என் மனைவி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். நானும் சிரித்தேன், முறைக்காக இல்லை, நிஜமாகவே. கல்யாணப் பத்திரிகையின் முதல் வரைவில் மேற்படி மணமகன் என்று நான் எழுதியது வாஸ்தவம். அதை அவரிடம் யார் சொன்னது என்று மகளைப் பார்த்தேன். அவள் வளையலை எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் காகிதத்தைத் திருப்பினார். குரல் கொஞ்சம் இறங்கியது.

ஊரான் வீட்டு நாலெல்லையும் உறக்கத்துல சொல்வாராம்
கிழக்கென்ன மேற்கென்ன கேட்டவுடன் சொல்வாராம்
பெத்த பொண்ணு வாழ வந்து பத்து மாசம் ஆச்சாம்
அவ வீட்டு வாசப்படி எந்தப் பக்கம் தெரியாதாம்

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். எனக்கு முகம் எரிந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தேன், அது வரவில்லை. மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. நான் வந்துவிட்டேன் என்கிற நிம்மதிதான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாதக் கணக்காக ஊர் பேர் தெரியாத ஜனங்கள் எத்தனை பேர் அவளுடைய கல்யாணத்தைப் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே என்று இருந்தது.

தங்கை இடுப்பில் இடித்தாள். உடன்படிக்கை. எழுந்து வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். பாக்கு இரண்டு உருண்டு கீழே விழுந்தது. சம்பந்தி ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. பொதுவா ஒரு சம்பந்தியைப் பத்திதான்" என்றார்.

கிளம்புகிற நேரத்துக்கு மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை மழை, நிற்கிறாற்போல் இல்லை. அத்தனை பேரில் கையில் குடை வைத்திருந்தவர் சம்பந்தி ஒருவர்தான். அவர் அதை விரித்து என் மகளின் தலைக்கு மேல் பிடித்து, வேன் வரை மெதுவாக நடத்திக்கொண்டு போய் ஏற்றிவிட்டார். அவருடைய முதுகு முழுக்க நனைந்துவிட்டது. நான் பின்னால் வாசலில் நின்றேன். அந்த வீட்டு வாசல் வடக்குப் பார்த்தது.

மறுநாள் காட்டூரில், என் மகள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, உடன்படிக்கையின்படி அந்த வீடியோவை என் சேனலில் ஏற்றினாள். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். கை நிறைய வளையல் என்பதால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சத்தம். நடுவில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இதுல இருக்கறதெல்லாம் யாருக்குச் சொந்தம்னு கேக்கறான். மாமா சட்டப்படி பார்த்தா, பாட்டு யாரைப் பத்தியோ அவங்களுக்குத்தான் சொந்தம். நீங்க ஏதும் க்ளைம் போடப் போறீங்களா?"

"கடைசி ரெண்டு வரி மட்டும் என்னுது" என்றேன். "மீதியை அவரே வச்சுக்கட்டும்."